தாத்தாவின் டிரங்குப் பெட்டி: பளபளப்பாக்க வேண்டாம், பங்கு போடவும் வேண்டாம்

கேள்வி: நான் வேலூர் மாவட்டத்தைச் சேர்ந்த ஓய்வு பெற்ற ஆசிரியை. என் அப்பாவின் அப்பா, இரண்டாம் உலகப்போரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படைப்பிரிவில் இருந்தவர். பர்மா போர்முனைக்குப் போய் 1946இல் ஊர் திரும்பினார். பூர்வீக வீட்டை இடிக்கப்போவதால் பரணை ஒழித்தோம். அவருடைய டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே நான்கு பதக்கங்கள், சம்பளப் புத்தகம், பாட்டிக்கு அவர் எழுதிய கடிதக் கட்டு (பல பென்சிலில் எழுதியவை), சட்டம் போட்ட ஒரு போட்டோ, ஜப்பான்காரர்கள் அச்சடித்த நோட்டுகள், பாராசூட் துணி என்று அத்தை சொல்கிற ஒரு துண்டு எல்லாம் இருக்கின்றன. பதக்கங்கள் வெள்ளியா என்று உரைத்துப் பார்க்கலாம் என்கிறான் தம்பி. கடிதங்களை லாமினேட் செய்துவிடலாமா? நாங்கள் மூன்று பேர். ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக்கொள்வதாகப் பேச்சு. சிங்கப்பூரில் இருக்கும் தங்கை கடிதங்களைக் கேட்கிறாள். நோட்டுகள் எப்படி வந்தன என்பதற்கு அத்தை ஒரு கதை சொல்கிறார், சித்தப்பா வேறு கதை சொல்கிறார். என் பேரன் பள்ளி மாறுவேடப் போட்டிக்குப் பதக்கங்களைக் குத்திக்கொண்டு போக வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். பெட்டியில் ஒரு தோட்டாவும் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அம்மா, போகிறபோக்கில் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே, அந்தத் தோட்டாவிலிருந்து தொடங்குகிறேன். அது பித்தளைக் குப்பி மட்டும்தானா, அல்லது குப்பியின் வாயில் கூரான குண்டு இன்னும் செருகியபடி இருக்கிறதா? வெறும் குப்பியாக இருந்து, அடிப்பக்கத்து நடுவட்டத்தில் ஊசி குத்தியதுபோல் ஒரு பள்ளமும் இருந்தால் அது சுட்டு முடித்தது. குண்டு செருகியிருந்தால், எண்பது ஆண்டுகள் ஆகியிருந்தாலும் வெடிக்கக்கூடியது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அடியில் பள்ளம் இருந்தாலும் நம்ப வேண்டாம். சுட முயன்று வெடிக்காமல் போனதாகவும் இருக்கலாம். தேய்க்கக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது, குறடு போட்டுப் பிரித்துப் பார்க்கத் தம்பியை அனுமதிக்கவே கூடாது. இருந்த இடத்திலேயே வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். கைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தாவின் நினைவு என்பதற்காகச் சட்டம் விலக்குத் தராது. நீங்களாக முன்வந்து எழுத்தில் கொடுத்து, ஒப்புகையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றவற்றுக்கு அவசரம் இல்லை. எண்பது ஆண்டுகள் பரணில் தாக்குப்பிடித்தவை. இனிமேல் கெடுவதாக இருந்தால் நம் கைவேலையால்தான் கெடும்.

உங்கள் பெட்டியில் இருப்பவற்றில் எதையும் தனியாக எடுத்து விற்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. லட்சக்கணக்கில் அடித்துக் கொடுத்த பதக்கங்கள், கட்டுக் கட்டாக அச்சடித்த நோட்டுகள், யாரோ யாருக்கோ எழுதிய கடிதங்கள் என்று தனித்தனியாக அவை உதிரிகள். இவையெல்லாம் ஒரே மனிதருடையவை, ஒரே பெட்டியில் இருந்தவை, அவர் பெயரும் ஊரும் தெரியும், அவர் தோளில் அமர்ந்த ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்ற சேர்மானம்தான் சொத்து. சுத்தம் செய்வது, பிரிப்பது, அத்தையா சித்தப்பாவா என்ற மூன்றுக்கும் என் பதில் இதிலிருந்துதான் வருகிறது.

ஆகவே முதல் வேலை, எதையும் இன்னும் எடுத்து அடுக்காமல் இருந்தால், பெட்டியை இருக்கிறபடியே மேலிருந்து படம் எடுப்பது. பிறகு ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, எடுத்த வரிசையிலேயே எண் போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். எண்ணைப் பொருளின் மேல் எழுதாமல் அதோடு வைக்கும் சீட்டில் எழுதுங்கள். கடிதக் கட்டைப் பாட்டி எதனால் கட்டியிருக்கிறார், எந்தக் கடிதம் மேலே இருக்கிறது என்பதெல்லாம் தகவல்தான். அடிக்கடி பிரித்துப் படித்த கடிதத்தின் மடிப்பு நைந்திருக்கும். ஒருமுறை படித்து வைத்தது விறைப்பாக இருக்கும். தேதிவாரியாக அடுக்குகிறேன் என்று முதல் நாளே கலைத்துவிட்டால் பாட்டி வைத்த வரிசை போய்விடும்.

பதக்கங்களுக்கு வருவோம். தம்பிக்குச் சொல்லுங்கள்: வெள்ளி இல்லை. பர்மாவில் போரிட்ட ஒரு இந்தியச் சிப்பாய்க்குப் பொதுவாக வந்து சேர்ந்தவை 1939-45 நட்சத்திரம், பர்மா நட்சத்திரம், போர்ப் பதக்கம், இந்தியச் சேவைப் பதக்கம் ஆகிய நான்கு. உங்களிடம் இருப்பவையும் அவையாகத்தான் இருக்கும். ஆறு முனை கொண்ட நட்சத்திரங்கள் இரண்டும் செம்பும் துத்தநாகமும் கலந்தவை. வட்டமான மற்ற இரண்டும் செம்பும் நிக்கலும் கலந்தவை. போர்ப் பதக்கத்தின் பின்புறத்தில் இரட்டைத் தலை டிராகனை மிதித்து நிற்கும் சிங்கம் இருக்கும். இந்தியச் சேவைப் பதக்கத்தில் அந்த நாளைய இந்திய வரைபடம் இருக்கும். கருநீலத்தின் நடுவே சிவப்பும் இருபுறமும் ஆரஞ்சுக் கோடும் உள்ள நாடா பர்மா நட்சத்திரத்துடையது. உரைகல்லில் உரைத்தால் ஒரு கீறல்தான் மிச்சம். (முதல் உலகப்போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் பெரும்பாலும் வெள்ளி. வேலூர்ப் பக்கத்து ஊர்களிலிருந்து அந்தப் போருக்குப் போனவர்களும் நிறைய. அவை பல வீடுகளில் கொலுசாகிவிட்டன என்பது என் சந்தேகம்.)

ஒரு பூதக்கண்ணாடியையும் டார்ச் விளக்கையும் எடுத்துக்கொண்டு, ஒளியைப் பக்கவாட்டில் அடித்து, வட்டப் பதக்கங்களின் விளிம்பையும் நட்சத்திரங்களின் பின்புறத்தையும் பாருங்கள். இந்தியப் படையினருக்குத் தரப்பட்ட பலவற்றில் படை எண், பெயர், பிரிவு ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். அந்த எண் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. புளி, சாம்பல், விபூதி, கடையில் விற்கும் பித்தளைப் பாலிஷ் எதையும் போட்டுத் தேய்க்க வேண்டாம். எழுத்து மேலோட்டமாகத்தான் பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் போகும். மெழுகுபோல் பச்சைக் களிம்பு படிந்திருந்தால் பல்குத்தும் மரக்குச்சியால், ஈரம் படாமல், மெதுவாகச் சுரண்டி எடுக்கலாம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நாடா நைந்திருக்கிறது என்று புதிது மாற்றவும் வேண்டாம்.

கடிதங்களைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும். நீங்கள் பென்சில் என்று சொல்வது பெரும்பாலும் சாதாரணப் பென்சிலாக இருக்காது. அந்தக் காலத்தில் சிப்பாய்களும் தபால்காரர்களும் புழங்கியது காப்பியிங் பென்சில். உலர்ந்திருக்கும்போது சாம்பல் நிறத்தில் எழுதும். ஈரம் பட்ட இடம் பளிச்சென்று ஊதாவாகிவிடும், காரணம் அதன் கரிக்குச்சியில் கலந்த சாயம். நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவார்கள் என்பதால் ஒரே வரியில் நாலு எழுத்து ஊதாவாகவும் அடுத்தது சாம்பலாகவும் இருக்கும். அப்படித் தெரிந்தால் உங்கள் தாத்தா நாக்கில் நனைத்த இடம் அது. ஆகவே ஈரத்துணி, ஈரப்பஞ்சு, வியர்த்த விரல் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. கடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் இப்படிப்பட்ட ஒரு கடிதத்தை என்னிடம் கொண்டுவந்தது. தூசி போக வேண்டும் என்று நனைத்த துணியால் ஒற்றியிருக்கிறார்கள். முதல் பத்தி முழுக்க ஊதாக் குழம்பாகியிருந்தது. ‘சௌக்கியம்’ என்ற சொல்லில் முதல் எழுத்து மட்டும்தான் பிழைத்திருந்தது. அதற்குப் பிறகு, போனது போகட்டும் என்று லாமினேட்டும் செய்துவிட்டார்கள்.

லாமினேஷன் வேண்டவே வேண்டாம். ரேஷன் கார்டு, மார்க் ஷீட் எதைப் பார்த்தாலும் லாமினேட் செய்யும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. சூடாக்கிய பசை காகிதத்தின் நாருக்குள் உருகி இறங்கிவிடும். பிறகு எந்த ஆய்வுக்கூடத்தாலும் சேதமில்லாமல் பிரிக்க முடியாது. போர்க்காலத்தில் காகிதப் பஞ்சம். கிடைத்த மட்டக் காகிதத்தில் அமிலம் அதிகம். பிளாஸ்டிக்குக்குள் அடைத்தாலும் அந்த அமிலம் உள்ளேயிருந்து காகிதத்தைத் தின்றுகொண்டேதான் இருக்கும். கிழிசலுக்கு செல்லோ டேப்பும் கூடாது. சில ஆண்டுகளில் டேப் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்பாகத் தங்கிவிடும். துருப்பிடித்த குண்டூசி இருந்தால், காகிதத்தை இழுக்காமல் ஊசியை மெல்ல உருவி எடுத்துவிடுங்கள். மடிப்பு நைந்த கடிதத்தை ஒருமுறை கவனமாக விரித்து, படம் எடுத்து, மீண்டும் மடிக்காமல் விரித்த நிலையிலேயே வையுங்கள். விரித்தால் உடைகிறது என்றால் விட்டுவிடுங்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930இலிருந்து வேதியியல் பாதுகாப்பு ஆய்வுக்கூடம் இருக்கிறது. அங்கே கேட்டுப் பாருங்கள்.

எங்கே இருக்கிறேன் என்று தாத்தா ஒரு கடிதத்தில்கூட எழுதியிருக்க மாட்டார். எழுதவிட மாட்டார்கள். தணிக்கை அதிகாரி படித்து முத்திரை குத்திய பிறகுதான் கடிதம் கிளம்பும். ஊர்ப்பெயர் இருந்தால் அடித்துவிடுவார்கள் அல்லது வெட்டி எடுத்துவிடுவார்கள். ஆனால் உறையின் மேல் கள அஞ்சல் நிலைய எண் ஒன்று முத்திரையில் இருக்கும். உறைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் என்று நான் கெஞ்சுவது அதற்காகத்தான். அந்த எண்ணும் தேதியும் சேர்ந்தால், எந்த மாதம் எந்தப் பகுதியில் இருந்தார் என்று ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். சம்பளப் புத்தகத்தில் கம்பெனியின் (படைப்பிரிவின் உட்பிரிவு) எண் இருந்தால் இன்னும் நல்லது. தென்கிழக்கு ஆசியப் போர்முனையில் இருந்த படைப்பிரிவுகளின் போர் நாட்குறிப்புகள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் ‘டபிள்யூஓ 172’ என்ற தொகுதியில் இருக்கின்றன. அவற்றில் சிப்பாய்களின் பெயர் வருவது அரிது. ஆனால் அந்த வாரம் கம்பெனி எங்கே முகாமிட்டது, எந்த ஓடைக்குப் பாலம் போட்டது என்பது இருக்கும்.

அவருடைய சொந்தப் பணிப்பதிவுக்கு பெங்களூரில் உள்ள மெட்ராஸ் பொறியாளர் குழுமத்தின் (அன்றைய மெட்ராஸ் சாப்பர்ஸ்தான் அது) பதிவு அலுவலகத்துக்குத் தபாலில் எழுதுங்கள். படை எண், பெயர், தகப்பனார் பெயர், பழைய வட ஆற்காடு மாவட்டத்தின்கீழ் அந்த நாளில் இருந்த கிராமம், தாலுகா எல்லாம் வேண்டும். பெயரின் ஆங்கில எழுத்துக் கூட்டு இரண்டு மூன்று விதமாக இருந்திருக்கும், எல்லாவற்றையும் குறிப்பிடுங்கள். பதில் வர நாளாகும். இடையில் வேலூரில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலும் விசாரியுங்கள். பாட்டி அங்கே உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தால் ஒரு கோப்பு கிடந்தாலும் கிடக்கும்.

போட்டோ கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பிய்க்க வேண்டாம். முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியின் மேலிருந்தே, ஜன்னல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். சட்டத்தின் பின்னட்டையில் ஸ்டுடியோவின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். காகிதங்களை ஸ்கேன் செய்வதானால் 600 டிபிஐ அளவில், வெற்றுப் பக்கம் உட்பட இரண்டு பக்கமும் எடுக்க வேண்டும்.

பாராசூட் துணி பட்டு என்று அத்தை சொன்னாலும் பட்டாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. பர்மாவில் போரிட்ட பதினான்காம் படைக்குச் சாப்பாடும் வெடிமருந்தும் பெருமளவு விமானத்திலிருந்துதான் விழுந்தன. பட்டுக்குத் தட்டுப்பாடு வந்தபோது அந்தப் படையின் தளபதி ஜெனரல் ஸ்லிம், கல்கத்தாவில் சணலிலேயே பாராசூட் செய்ய வைத்தார். உங்களுடையது கரடுமுரடாக இருந்தால் ஏமாற வேண்டாம், அது அதைவிட அரிய பொருளாகவே இருக்கலாம். நூலைக் கொளுத்திப் பார்க்கும் சோதனை வேண்டாம். துவைக்கவும் வேண்டாம். மடிக்காமல், துணி சுற்றிய ஓர் அட்டைக் குழாயின் மேல் சுருட்டி வையுங்கள்.

எல்லாவற்றையும் எதில் வைப்பது? துருவும் ஈரமும் இல்லையென்றால் அதே டிரங்குப் பெட்டியில் வைக்கலாம். உள்ளே விரிக்கப் பட்டு வேண்டாம், வெல்வெட் வேண்டாம். கஞ்சியும் நீலமும் போடாமல் பலமுறை வெளுத்த பழைய பருத்தி வேட்டியைவிட நல்லது கிடையாது. கடிதங்களை அமிலமற்ற காகித உறையில் போட்டு, பதக்கங்களிலிருந்து பிரித்து, ஒவ்வொரு பதக்கத்தையும் தனித்தனியாகச் சுற்றி வையுங்கள். வாசனை அடிக்கும் பிளாஸ்டிக் கவர் எதுவும் ஆகாது. பாச்சை உருண்டையை நேராகப் பெட்டிக்குள் உருட்டிவிட வேண்டாம். வேப்பிலை காய்ந்து பொடியாகிக் கறை விடும். வசம்பை மெல்லிய துணியில் முடிந்து ஒரு மூலையில் வைத்தால் போதும். இவற்றையெல்லாம்விட, மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பதுதான் இராமபாணப் பூச்சிக்குப் பிடிக்காத காரியம். கடிதங்களில் ஏற்கெனவே பூச்சி இருந்தால், பாலிதீன் பையில் காற்றில்லாமல் மூடி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்த பின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காமல் விடுங்கள். இது காகிதத்துக்கு மட்டும்தான். போட்டோவுக்கும் பதக்கத்துக்கும் அல்ல. பெட்டி இருக்க வேண்டிய இடம் படுக்கையறை அலமாரி. பரணில் சூடு, தரையில் ஈரம், பூஜையறையில் எண்ணெய்ப்புகை.

இவ்வளவையும் சொன்னாலும், தோட்டாவைத் தவிர, இந்த வாரமே செய்ய வேண்டியது இவற்றில் எதுவும் இல்லை. அத்தையைப் பேச வைத்துப் பதிவு செய்வதுதான். அத்தைக்கு என்ன வயது என்று நீங்கள் எழுதவில்லை. அப்பா போரிலிருந்து திரும்பியது அவருக்கு நினைவிருக்கிறது என்றால் எண்பத்தைந்தைத் தாண்டியிருப்பார். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டுவிட்டு, அவர் கையில் ஒவ்வொரு பொருளாகக் கொடுங்கள். “தாத்தா போரில் என்ன செய்தார்?” என்று கேட்டால் ‘நாட்டுக்காகப் போராடினார்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். திரும்பி வந்த அன்று என்ன உடுத்தியிருந்தார், எதைச் சாப்பிட மறுத்தார், இரவில் எழுந்து உட்காருவாரா, மணியார்டர் வரும்போது பாட்டி கூப்பனில் இருந்த நாலு வரியை யாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார் என்று கேளுங்கள். ஆறு, பாலம் என்ற பேச்சு வந்ததா என்றும் கேளுங்கள். சாப்பர்ஸின் வேலையே அதுதான். 1944 டிசம்பரில் பர்மாவின் கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே மிதவைகளின் மேல் 1,154 அடி நீளத்துக்கு பெய்லி பாலம் (இரும்புச் சட்டங்களைப் பூட்டி விரைவாக அமைப்பது) போட்டார்கள். அந்த வகைப் பாலங்களில் அன்று உலகிலேயே நீளமானது அது. உங்கள் தாத்தா அங்கே இருந்தார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ‘சிந்தவீன்’ என்பதுபோல் ஒரு சொல் அத்தையின் வாயிலிருந்து வந்தால் காது கொடுங்கள்.

நோட்டுகளின் கதையில், செத்துக் கிடந்த ஜப்பானியச் சிப்பாயின் பையிலிருந்து எடுத்தார் என்று ஒருவரும், ரங்கூன் தெருவில் பீடிக்கு மாற்றினார் என்று இன்னொருவரும் சொல்லக்கூடும். உங்கள் வீட்டுக் கதைகள் எவையோ, எனக்கு எழுதவில்லை. எப்படியானாலும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். இரண்டையும், யார் சொன்னது, எப்போது சொன்னது என்று குறித்து எழுதி வையுங்கள். நோட்டில் உள்ள ஆங்கில எழுத்துகளைப் பாருங்கள். ‘பி’யில் தொடங்கினால் பர்மாவுக்கு அச்சடித்தது, ‘எம்’மில் தொடங்கினால் மலாயாவுக்கானது. மலாயா பத்து டாலர் நோட்டில் வாழைமரம் இருக்கும். 1945 மே மாதத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் படை ரங்கூனை மீட்டதும் பர்மா நோட்டு செல்லாக் காசாகிவிட்டது. செல்லாத நோட்டைச் சிப்பாய்கள் நினைவுக்காக எடுத்துவந்தது சகஜம். தங்கள் தகப்பனார் கதைகளில் வீரராக இருக்க வேண்டும் என்று பிள்ளைகள் விரும்புவதும் சகஜம். தாத்தாவே ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கவும் கூடும். மகளுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று.

இனிப் பங்கு. மூன்றாகப் பிரித்தால் அடுத்த தலைமுறையில் பதக்கம் இருக்கிற வீட்டில் பெயர் தெரியாது, கடிதம் இருக்கிற வீட்டில் முகம் தெரியாது. ஒருவர் பொறுப்பில் ஒரே பெட்டியாக இருக்கட்டும். மூவரும் கையெழுத்திட்ட ஒரு பட்டியல் மூன்று வீட்டிலும் இருக்கட்டும். ஸ்கேன் எல்லோருக்கும் போகட்டும். யாராலும் வைத்துக்கொள்ள முடியாது என்ற நிலை வந்தால், மொத்தமாக ஓர் ஆவணக் காப்பகத்துக்கோ படைப்பிரிவின் அருங்காட்சியகத்துக்கோ எழுத்து மூலம் கொடுங்கள். என்ன நிபந்தனையில் கொடுக்கிறீர்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

சிங்கப்பூர்த் தங்கைக்கு மூலக் கடிதங்களை அனுப்ப வேண்டாம் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. 75 ஆண்டுகளைக் கடந்த, வரலாற்று மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளும் ஆவணங்களும் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள் என்ற வரையறைக்குள் வரும். தனியார் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதி இல்லை. 1943இல் எழுதிய கடிதம் 2018லேயே அந்த வயதைத் தொட்டுவிட்டது. பாட்டிக்கு எழுதிய கடிதத்துக்கு வரலாற்று மதிப்பு உண்டா இல்லையா என்ற விவாதத்தை மீனம்பாக்கம் சுங்க அதிகாரியின் மேசையில் வைத்து நடத்த வேண்டாம். தங்கைக்கு நல்ல அச்சுப் பிரதியாக எடுத்துத் தையல் போட்டுக் கொடுங்கள். ஓசூரிலோ ஓமலூரிலோ இருக்கும் மற்ற பேரப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பிரதி ஆகும்.

மாறுவேடப் போட்டிக்கு மூலப் பதக்கங்களைத் தர வேண்டாம். அந்த நாடா ஒரு சட்டை ஊசியைக்கூடத் தாங்காது. விழுந்தால் பள்ளி மைதானத்தில் தேட வேண்டியதுதான். நீங்கள் எடுத்த படத்தை உண்மை அளவில் அச்செடுத்து, கெட்டி அட்டையில் ஒட்டி, துணிக்கடையில் நாடா வாங்கிக் குத்திவிடுங்கள். பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் முன்னோரின் பதக்கத்தை அணிகிற குடும்பத்தார் அதை வலது மார்பில்தான் குத்திக்கொள்வார்கள். இடது மார்பு வாங்கியவருக்கு உரியது. நடுவர் யாராவது “தப்பான பக்கம் குத்தியிருக்கிறாயே” என்று கேட்டால் பேரன் சொல்லிக்கொள்ளட்டும்.